வீட்டின் மேல் சாய்ந்த மரம்: கழிப்பதா, எடுப்பதா?



வைகாசி பிறந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் ஒரு புது வகை சேர்ந்துகொள்ளும். படிப்பு உதவி, மருத்துவ உதவி, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் இவற்றோடு, "வீட்டு மேல மரம் சாஞ்சு நிக்கு. ஆடிக் காத்துக்கு முந்தி வெட்டணும். கூலிக்குப் பார்த்துச் செய்யுங்க" என்று வருவார்கள். இந்த வருடம் மூன்று வீட்டார் வந்தார்கள். முன்பெல்லாம் விசாரித்துவிட்டு, ஆள் அனுப்பி, கூலியைக் கொடுத்துவிடுவோம். இப்போது அப்படிச் செய்வதில்லை. அதற்குக் காரணம் நாங்கள் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் வாகை மரம் ஓட்டுக்கூரை மேல் படர்ந்து நின்றது. மரத்தை எடுக்க அந்த வீட்டாருக்கு மனமில்லை. "அப்படியானால் மொட்டை அடித்துவிடுவோம்" என்று நாங்களே யோசனை சொன்னோம். ஆள் ஏறி, எல்லாக் கிளைகளையும் ஆளுயரக் கட்டைகளாக நிறுத்திவிட்டு இறங்கினார். பார்க்க நிம்மதியாக இருந்தது. இரண்டே மழையில் கட்டைகளின் நுனியிலிருந்து குச்சி குச்சியாகத் துளிர் வந்து, மூன்றாம் வருடம் கை பருமனுக்கு நீண்டுவிட்டது. அந்த ஆடியில் ஒரு கொம்பு அடியோடு பிய்த்துக்கொண்டு ஓட்டின் மேல் விழுந்தது. அறைக்குள் தொட்டிலில் குழந்தை இருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், ஓடு விழுந்தது தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி.

மொட்டை அடித்த மரத்தில் வரும் துளிர், உள்மரத்திலிருந்து கிளம்பிய கிளை அல்ல. பட்டைக்குச் சற்று உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டு, மேலே இலையே இல்லாமல் போனதால் அவசரமாக எழுந்து வருவது. வேகமாக நீளும். ஆனால் தாய்க் கட்டையோடு அதற்குள்ள பிடிப்பு மேலோட்டமானது. அடியில் அந்தக் கட்டை வேறு வெட்டுவாயிலிருந்து உளுத்துக்கொண்டு வரும். ஆகவே மொட்டை அடிப்பது ஆபத்தை நீக்கவில்லை, மூன்று வருடம் தள்ளித்தான் போட்டது. கழிப்பதா எடுப்பதா என்ற கேள்விக்கு நடுவழியாக ஊரில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அது ஒரு வழியே அல்ல என்பதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

இந்த வருடம் வந்த மூன்றையும் போய்ப் பார்த்தோம். கூடவே, மரம் ஏறி நாற்பது வருடம் பழகிய ஒரு பெரியவரையும் அழைத்துப் போனோம். அவரிடம் கற்றதும், நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதல் வீடு ஒரு பெரியம்மாவுடையது. கணவர் மவுத்தாகி ஒன்பது வருடம். அவர் வைத்த வேம்பு, தூரிலிருந்தே கிழக்கே சாய்ந்து, பாதி நிழல் முற்றத்திலும் பாதி ஓட்டுக்கூரை மேலும் விழுகிற மாதிரி நிற்கிறது. சவூதியில் இருக்கும் மகன் போனிலேயே "எடுத்துருங்கம்மா" என்கிறார். பெரியம்மாவுக்கு எடுக்க விருப்பமில்லை. "அவங்க கையால வெச்சது" என்பதற்கு மேல் பேசமாட்டார். மரம் நடுவது நிலைத்த தர்மம் என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தலைக்கு மேல் ஆபத்து என்றால் உயிர்தான் முந்தியது. ஆகவே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உண்மையிலேயே ஆபத்தா?

சாய்ந்திருக்கிறது என்பதாலேயே ஒரு மரம் விழுந்துவிடாது. எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பிறவிச் சாய்மானம் என்று ஒன்று உண்டு. சின்னக் கன்றாக இருக்கும்போதே சுவரின் நிழலைத் தாண்டி வெயிலைத் தேடியோ, காற்றுக்கு ஒதுங்கியோ சாய்ந்து வளர்ந்தது அது. அப்படிப்பட்ட மரம் தன் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் தயார்செய்துகொண்டே வளரும். வேம்பு, மா, புளி போன்ற மரங்கள் சாய்வின் மேல்புறத்தில் இழுத்துப் பிடிக்கிற வலுவான மரத்தை அதிகமாக வைக்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் வேரைத் தடிக்க விடும். நுனிப்பக்கம் மறுபடி வானத்தை நோக்கி நிமிர்ந்து, தண்டு அரிவாள் போல வளைந்திருக்கும். அந்த வளைவைக் கண்டால் பாதிப் பயம் தீரும்.

புதுச் சாய்மானம் அப்படி அல்ல. நேற்று வரை நேராக நின்ற மரம் மழைக்குப் பின் சாய்ந்திருக்கும். தண்டு வளையாமல், நட்ட கம்பம் சாய்ந்தது போல முழுதாகச் சாய்ந்திருக்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தரை புடைத்திருக்கும், அல்லது பிறை வடிவில் வெடிப்பு ஓடியிருக்கும். அந்த அடையாளம் இருந்தால் மனு எழுத வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். அன்று இரவே அந்தப் பக்கத்து அறையில் படுக்கையை மாற்றிவிட்டு, மறுநாள் ஆளைக் கூப்பிட வேண்டும்.

பெரியம்மாவின் வேம்பு எந்த வகை? எங்களோடு வந்த கொத்தனார் தம்பி ஒரு வேலை செய்தார். தண்டில் பத்தடி உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து, அங்கிருந்து தூக்குக்குண்டை இறக்கி, குண்டு தரையைத் தொட்ட இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்தார். ஒரு மாதம் கழித்து அதே பொட்டிலிருந்து மறுபடி இறக்கினோம். குண்டு அதே குச்சியின் மேல் நின்றது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். காற்றில்லாத காலை நேரத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான். குச்சியை விட்டு ஒரு விரற்கடை விலகியிருந்தாலும் மரம் நகர்கிறது என்று பொருள்.

ஆனால் எங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி பெரியம்மாவின் பெட்டியிலிருந்தே கிடைத்தது. மூத்த மகளின் நிக்காஹ் அன்று முற்றத்தில் பந்தலுக்கு முன் எடுத்த போட்டோ, இருபது வருடத்துக்கு முந்தியது. பந்தல்காலுக்குப் பின்னால் அதே வேம்பு, பருமன் குறைவாக, அதே சாய்வில் நிற்கிறது.

சாய்வு பழையது என்றால் மட்டும் போதாது. தூரையும் தண்டையும் பார்க்க வேண்டும். ஏறுகிற பெரியவர் மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியாக இருக்கும் இடத்தில் 'தட் தட்' என்று கேட்கும். பொந்து இருந்தால் பானையைத் தட்டிய மாதிரி கேட்கும். பொந்து இருப்பதாலேயே மரம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. குழாய் எப்படி உள்ளே ஒன்றுமில்லாமல் வலுவாக நிற்கிறதோ அப்படி, சுற்றிலும் கெட்டியான மரம் போதிய தடிப்பில் இருந்தால் நிற்கும். மரத்தின் நடுவிலிருந்து பட்டை வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கெட்டி மரமாக இருக்க வேண்டும் என்பது மர ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு. இரண்டடி குறுக்களவுள்ள மரத்துக்கு இது நாலு அங்குலம். பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தாலோ, மரம் சாய்ந்து நின்றாலோ அந்தக் கணக்கை நம்பாமல் இன்னும் கூடுதலாகவே எதிர்பார்க்க வேண்டும்.

தூரில் காளான் அடுக்கடுக்காகப் பலகை போல் முளைத்திருந்தால் அது சாதாரண விஷயம் அல்ல. வெளியே தெரிவது பூஞ்சணத்தின் காய். அது உள்ளே வேரையும் அடிமரத்தையும் தின்று முடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இலை பச்சையாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. தண்ணீர் ஏற்றுவது பட்டையை ஒட்டிய புதுமரம். பாரம் தாங்குவதில் பழைய மரத்துக்கும் பங்குண்டு. இரண்டாவது செத்துக்கொண்டிருக்கும்போது முதலாவது தழைத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது கவை. ஒரே பருமனில் இரண்டு கொம்புகள் நெருக்கமாகக் குறுகிப் பிரிந்து, நடுவில் பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால், அந்த இரண்டும் உண்மையில் ஒட்டவே இல்லை. ஆண்டுதோறும் பருத்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். காற்றில் இரண்டாகப் பிளக்கும் மரம் பெரும்பாலும் அங்கேதான் பிளக்கிறது. அகலமாக விரிந்த கவை நல்லது.

பெரியம்மாவின் வேம்பில் இவை எதுவும் இல்லை. ஒரே ஒரு தடித்த கொம்பு மட்டும் கூரைக்கு மேலாக நீண்டு, நுனியில் தழைப்பாரம் மொத்தத்தையும் சுமந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்; உண்மையில் இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது அதுதான். அங்கே நின்றது மயில்கொன்றை. நேராக, அழகாக, சித்திரையில் சிவப்பாகப் பூத்து, தெருவுக்கே அடையாளமாக நிற்கிற மரம். மனு கொடுத்தவர் எடுக்கச் சொல்லவில்லை. மாடியில் இலை கொட்டுகிறது, நாலு கிளையைக் கழிக்கக் கூலி கொடுங்கள் என்றுதான் கேட்டார். ஏறும் பெரியவர் மேலே பார்க்கவே இல்லை. தூரைச் சுற்றி வந்து மேற்குப்புறம் நின்றுவிட்டார். போன வருடம் காம்பவுண்டு சுவருக்கு வானம் தோண்டியிருக்கிறார்கள், தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, நீளவாக்கில். குறுக்கே வந்த வேர்களையெல்லாம் கோடாலியால் வெட்டி எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டிருக்கிறார்கள்.

மரத்தைப் பிடித்து நிறுத்துவது ஆழத்தில் போகும் ஆணிவேர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். வளர்ந்த மரத்தில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். கிளை விரிந்த அகலத்தையும் தாண்டிப் போகும். தண்டின் குறுக்களவு ஒரு அடி என்றால் சுற்றிலும் பன்னிரண்டு அடி வரை தோண்டாமல் விடுவது நல்லது என்பது பொதுவான கணக்கு. அதில் தண்டை ஒட்டிய மூன்று நான்கு அடி, மரத்தின் கால் போன்றது. அங்கே ஒரு பக்கத்து வேரை முழுக்க வெட்டினால் ஒரு காலை எடுத்துவிட்டு நிற்கச் சொல்வதற்குச் சமம். செப்டிக் டேங்க், குடிநீர்க் குழாய், சாக்கடை, காம்பவுண்டு என்று நாம் தோண்டாத இடமில்லை. 2022 ஜூன் 24 அன்று சென்னை கே.கே. நகரில் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து, உள்ளே இருந்த வங்கி மேலாளரான ஒரு பெண்மணி இறந்தார். பக்கத்தில் நடந்த மழைநீர் வடிகால் பணிதான் காரணமா என்ற வாதம் அப்போது பெரிதாக எழுந்தது, மாநகராட்சி மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். மரத்தடியில் மண்வெட்டி விழும்போது கேள்வி கேட்க வேண்டும் என்பதை அன்றைக்குத் தமிழ்நாடே பேசியது.

மேற்குப்புறம் என்பதும் முக்கியம். நமக்குக் காற்று எந்தத் திசையில் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனியில் தொடங்கி ஆவணி வரை, மலையைத் தாண்டி, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. அது மரத்தைக் கிழக்கே தள்ளும். அப்போது இழுத்துப் பிடிக்க வேண்டியது மேற்குப்பக்கத்து வேர். அந்த வீடோ மரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே நம் ஊரில் மரத்துக்குக் கிழக்கே வீடு இருந்து, மேற்கு வேர் வெட்டப்பட்டிருந்தால், அதைவிட மோசமான சேர்க்கை வேறில்லை. காற்றின் வேகம் இரட்டித்தால் மரத்தின் மேல் அதன் தள்ளு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. நேற்று அசையாமல் நின்றது என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

மரத்தின் சாதியையும் பார்க்கத்தான் வேண்டும். மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்து மரம். நிழலுக்காகவும் பூவுக்காகவும் வைத்தோம். வேகமாக வளரும், மரம் இலகு, கொம்பு சீக்கிரம் முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. விழுந்தவற்றில் இப்படிப்பட்ட வெளியூர் நிழல்மரங்கள் அதிகம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். தூரைச் சுற்றிச் சிமெண்டு போட்டு வேரை அடைத்திருந்ததையும் சொன்னார்கள். அதற்காக உள்ளூர் மரம் விழவே விழாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேர் போனால் வேம்பும் விழும், புளியும் விழும்.

மழையும் சேர்ந்து வேலை செய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஊறிய மண்ணில் வேருக்குப் பிடிப்பு குறையும். ஆடியில் கிளை முறியும், ஐப்பசி கார்த்திகையில் மரமே சாயும் என்று ஏறும் பெரியவர் சொன்னார். அவர் அனுபவத்தில் கண்ட கணக்கு அது.

மயில்கொன்றை வீட்டுக்காரரிடம், "கழிக்கக் கூலி தர மாட்டோம். எடுக்கிறதாக இருந்தால் முழுக் கூலியும் தருகிறோம்" என்று சொன்னோம். அவருக்குக் கோபம் வந்தது. பூக்கிற மரம், சாயவே இல்லை, நேராக நிற்கிறது, அடுத்த தெருவில் சாய்ந்து கிடக்கிற வேம்பை விட்டுவிட்டு இதை வெட்டச் சொல்கிறீர்களே என்றார். மண்ணை விலக்கி வெட்டுப்பட்ட வேர்நுனியைக் காட்டினோம். கறுத்து, விரலால் நசுக்கினால் நொறுங்கியது. அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனி முதல் வாரத்தில் எடுத்தோம்.

மூன்றாவது, தென்னை. இதைக் கழிக்க வழியே இல்லை. தென்னைக்கு வளரும் குருத்து ஒன்றுதான். தலையை வெட்டினால் மரம் செத்தது. வைப்பது, எடுப்பது என்று இரண்டே முடிவுகள். தென்னை சாய்ந்து வளர்வது இயல்பு. அதன் சல்லிவேர்கள் ஆயிரக்கணக்கில் கொத்தாகப் பிடித்திருக்கும். பார்க்க வேண்டியவை: தூரிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிகிறதா (தஞ்சாவூர் வாடல் நோயின் அடையாளம், கானோடெர்மா என்ற பூஞ்சணம்), தண்டில் சிவப்புக் கூன்வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா, மேல்மண் அரித்து வேர்க்கொத்து வெளியே தெரிகிறதா. இவை இல்லாத மரமும் பெரும்புயலுக்கு நிற்காது என்பதை 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா காட்டியது. டெல்டாவில் சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு நிவாரணம் அறிவித்தது. நம் பக்கம் தென்னையால் அன்றாடம் வரும் ஆபத்து மரம் அல்ல, காயும் மட்டையும். அந்த வீட்டில் தென்னை யாருக்கு என்று அண்ணன் தம்பி இருவருக்கும் வழக்கு. முடிவாகும்வரை நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை காயும் காய்ந்த மட்டையும் இறக்குவது, தகரக்கூரைக்குக் கீழே இருந்த அடுப்படியை மறுபக்கம் மாற்றுவது என்று பேசி முடித்திருக்கிறோம்.

யாரிடம் யோசனை கேட்பது என்பதையும் சொல்ல வேண்டும். பெரியம்மா முதலில் ஒரு மர வியாபாரியிடம்தான் கேட்டிருக்கிறார். "இது ஒரு ஆடி தாங்காது. நானே ஆள் வெச்சு எடுத்துக்கிறேன், கூலி வேண்டாம்" என்றாராம். வைரம் பாய்ந்த வேம்புக்கு அறுவை மில்லில் என்ன விலை என்பது அவருக்குத் தெரியும், பெரியம்மாவுக்குத் தெரியாது. மரத்தை வாங்கப்போகிறவரிடம் மரம் விழுமா என்று கேட்கக் கூடாது. அவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் சரியான ஆள் இல்லை. ஏறிப் பழகியவர், தோட்டக்கலைத் துறை அலுவலர், மரத்தில் லாபம் இல்லாத ஒருவர், இவர்களிடம் கேளுங்கள்.

கழிப்பது என்று முடிவானால் எப்படிக் கழிப்பது? ஒரு வருடத்தில் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் சிறு கிளைகளையெல்லாம் சுரண்டிவிட்டு நுனியில் மட்டும் கொத்தாக விடுவது நம்மூர் வழக்கம், அது தப்பு. பாரம் நுனிக்குப் போய்க் கொம்பு துடைப்பம் போல ஆடி முறியும். நீண்ட கொம்பைக் குறைக்க வேண்டுமானால், பாதியில் ஒரு பக்கக்கிளை பிரியும் இடம்வரை வந்து அங்கே வெட்ட வேண்டும்.

தடித்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதியில் அது மடங்கித் தாய்மரத்தின் பட்டையை நாலடிக்கு உரித்துக்கொண்டு இறங்கும். மூன்று வெட்டு வேண்டும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து கால்பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து இரண்டாவது. கிளை சுத்தமாக முறிந்து விழும். மிச்சக் கட்டையை, தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் ஒரு புடைப்பு இருக்கும், அதை விட்டு அதற்கு வெளியே மூன்றாவது. அந்தப் புடைப்புத்தான் காயத்தை மூடுவது. அதைச் சீவிவிடவும் கூடாது, முளைக்கட்டையாக நீட்டிவிடவும் கூடாது. வெட்டுவாயில் தார், பெயிண்ட் பூசுவதால் பயனில்லை. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்த அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, இந்தப் பூச்சுகள் உளுப்பதைத் தடுக்கவில்லை என்று காட்டினார். மரம் காயத்தை நம்மைப்போல் ஆற்றுவதில்லை. சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது.

எடுப்பது என்றால், வீட்டின் மேல் நிற்கும் மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்கவே கூடாது. நுனியிலிருந்து துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் வடம் கட்டி இறக்க வேண்டும். இரண்டடி குறுக்களவில் ஒரு மீட்டர் நீளப் பச்சைத் துண்டு கால் டன்னுக்குக் குறையாது. அது ஒரு கூரையைக் கேட்காது. ஜேசிபி வைத்துத் தள்ளிவிடலாம் என்பவர்களை வீட்டுப் பக்கமே விடாதீர்கள். வேலை நாளில் வீட்டில் ஒருவரும் இருக்க வேண்டாம். கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மெயினை அணைத்துவிடுங்கள். ஏறுபவர் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறுகிறேன் என்றால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஏற விடாதீர்கள். காக்கைக்கூடு, தேன்கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்கம்பி அருகில் இருந்தால் அரிவாளைத் தொடும் முன்பு மின்வாரியத்தைக் கூப்பிட வேண்டும். மின்னகம் எண் 94987 94987.

கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பெரிய மரம் தினமும் மண்ணின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அதைத் திடீரென்று எடுத்தால், மண் மறுபடி ஈரம் ஏறி உப்பி, சுவரில் வெடிப்பு வரலாம். பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செம்மண்ணில் இந்தக் கவலை பெரிதாக இல்லை.

சட்டப் பக்கம். தெருவோரம், புறம்போக்கு இவற்றில் நிற்கும் மரம் நாமே நட்டுத் தண்ணீர் ஊற்றியதாக இருந்தாலும் நம்முடையதல்ல. பேரூராட்சிச் செயல் அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ போட்டோவுடன் மனு கொடுக்க வேண்டும். பொது இடத்து மரங்களை எடுக்க ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். சந்தனத்துக்குத் தனி விதிகள் உண்டு. பள்ளிவாசல், மையவாடி மரங்கள் வக்ஃபைச் சேர்ந்தவை. ஆபத்து என்றாலும் நிர்வாகத் தீர்மானம் எழுதி, வாரியத்துக்குத் தெரிவித்து, மரம் விற்ற காசை வக்ஃப் கணக்கிலேயே வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மரம் நம் வீட்டின் மேல் சாய்ந்தால்? முதலில் நேரில் போய்ச் சொல்வதுதான் மார்க்கமும் முறையும். கேட்காவிட்டால் போட்டோவுடன் எழுத்தில் கொடுங்கள். ஆபத்து தெரிந்தும் சும்மா இருந்தார் என்று பின்னால் காட்ட அது உதவும். கிளை எத்தனை வருடம் நீண்டிருந்தாலும் நம் மனைக்கு மேல் நிற்கும் உரிமை அதற்கு வந்துவிடாது. ஆனால் அவர் மனைக்குள் நாம் கால்வைத்து வெட்ட முடியாது, வெட்டிய விறகும் நமக்கில்லை. மரமே விழும் நிலையில் இருந்தால் கோட்டாட்சியரிடம் போகலாம். விழுந்து ஆட்களைக் காயப்படுத்தக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. இரவில் விழுந்துவிட்டால் 101 அல்லது 112; மாவட்டப் பேரிடர் எண் 1077.

பெரியம்மாவின் வேம்பை எடுக்கவில்லை. கூரைக்கு மேல் நீண்ட அந்த ஒரு கொம்பை மட்டும், பக்கக்கிளை பிரியும் இடம்வரை குறைத்தோம். மகனுக்கு வாட்ஸ்அப்பில் பழைய நிக்காஹ் போட்டோவையும் புதுப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினோம். "சரி, ஆனா உங்க பொறுப்பு" என்று பதில் வந்தது. அதனால் முளைக்குச்சியைப் பிடுங்காமல் விட்டிருக்கிறோம். ஆடி முடிந்து ஒரு தடவை, கார்த்திகை மழை விட்டதும் ஒரு தடவை, இன்ஷா அல்லாஹ், போய்த் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்போம். உங்கள் வீட்டிலும் பிடிக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்தில் சொல்லுங்கள். கொத்தனார் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.